ஐந்தாவது பலகை

அப்பாவின் கைநடுக்கம் வலது பெருவிரலில்தான் தொடங்கியது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று முதலில் சொன்னார். இரண்டு வருடத்தில் கரண்டியையும் பிடிக்க முடியாமல் போனது. போன மாதம் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த என் பெருவிரல் துடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. நுகேகொடையில் ஒரு கடைக்குப் போய், பழைய வீடியோ கேம்கள் அடங்கிய கையடக்கக் கருவி ஒன்றை வாங்கினேன்.

விரலைச் சோதிக்கத்தான். சிறுவயதில் அக்காவும் நானும் வெள்ளவத்தை வீட்டில் விளையாடிய கேம் அதில் இருந்தது. கறுத்த நீரின் மேல் ஐந்து பலகைகள். கால் பட்டதும் ஒவ்வொன்றாக விழும். நான்கே நிறங்களில் ஓர் அந்திவானம். ஐந்தாவது பலகையில் ஒரு நீலப் பறவை. அது வெறும் அழகுக்கு என்றே நினைத்திருந்தோம். அது சிறகை விரிக்கும் கணத்தில் பாய வேண்டும் என்று அக்கா கண்டுபிடிக்க ஒரு பள்ளி விடுமுறை முழுவதும் பிடித்தது. கேமைச் செய்தவர் தேவையான நேரத்தை மட்டுமே தந்திருந்தார். தவறினால் தொடக்கத்திலிருந்து. அந்தக் கண்டிப்பை நம்பினேன். அது முகம் பார்த்து ஆறுதல் சொல்லாது.

முதல் நாள் இரண்டாவது பலகையில் விழுந்தேன். ஒரு கிழமை கழித்தும் அதே இடம். ஒவ்வொரு முறையும் விரல் பிந்தியது.

அக்கா வந்த அன்று கருவி மேசையிலேயே கிடந்தது. எடுத்து விளையாடினாள். அவளும் இரண்டாவது பலகையில் விழுந்தாள். “இது எங்கட கேம் இல்லையடா. பிசாசு துரத்துற மாதிரி ஓடுது.”

அலுமாரிக்கு மேல் கிடந்த எங்கள் பழைய கேம் பெட்டியைப் புறக்கோட்டையில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். “நம்மட ஊர் டீவில அந்தக் காலத்துல இதெல்லாம் மெதுவாத்தான் ஓடும் சேர். அஞ்சு செக்கன் வேலை இங்க ஆறு செக்கன். புதுசுல ஓடுறதுதான் அசல் வேகம்.”

நாங்கள் மெச்சிய கடினமே குறைக்கப்பட்ட கடினம். ஆனால் எனக்கு அப்போதுதான் பயம் கூடியது. அவர் பெட்டியைத் துடைத்துப் பழைய டீவி ஒன்றில் பொருத்தி, ஜொய்ஸ்டிக்கை என் முன் வைத்தார். இனி வேகத்தைச் சாட்டாகச் சொல்ல முடியாது. நான் எடுக்கவில்லை.

அப்பாவுக்குக் கடைசிவரை பொத்தான் போட்டுவிட்டவள் அக்காதான். என் கையைப் பார்த்தாள்.

“எப்ப தொடங்கினது?”

“போன மாசம்.”

“விளையாடு.”

நான்கு பலகைகளைக் கடந்தேன். பறவை சிறகை விரித்தது. பாய்ந்தேன், நீரில் விழுந்தேன்.

“நீ எப்பவும் அதிலதானே விழுவாய்,” என்றாள்.

அப்படியா என்று எனக்கு நினைவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த என் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.