கால் தரையில் படக்கூடாது

என் கால்களுக்கு என்னைவிட மரியாதை அதிகம். அதனால்தான் முதல் தடவை எனக்கு லைசன்ஸ் கிடைக்கவில்லை.

மோட்டார் சைக்கிள் என்னுடையதல்ல. காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் நான் வில்வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு முதலாளி ரங்கூனிலிருந்து திரும்பியபோது கப்பலில் அதைக் கொண்டுவந்தார். அவர் மகன் இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் ஊருணிக் கரையில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். வண்டிக்குத் துணி போர்த்தி முகப்பில் நிறுத்திவிட்டார்கள். முதலாளிக்கோ ஒக்கூர், சிங்கம்புணரி என்று நாலு பக்கமும் காரியம், அன்றாடம் கடிதம் போய் வர வேண்டும். ஒருநாள் துணியை நானே விலக்கி, "நான் ஓட்டுறேன் மொதலாளி" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லைசன்ஸ் வாங்கிட்டு வா, ஓட்டு" என்றார்.

மகன் கட்டுப்போட்ட கையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த பொட்டலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தார் என்பதைவிட வைதார் என்பது சரி. காலால் உதைத்துக் கிளப்ப வேண்டும், கையால் கியரைத் தள்ள வேண்டும், இரண்டுக்கும் நடுவில் கீழே விழாமலிருக்க வேண்டும். இருபது நாளில் பிடிபட்டுவிட்டது. மாட்டைவிட இது சொன்ன பேச்சைக் கேட்டது.

மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து ஓட்டிக் காட்டச் சொல்வார். ஊருக்கு வெளியே அமராவதிபுதூர் ரோட்டில்தான் சோதனை. "அந்தப் புளியமரம் வரைக்கும் போய்த் திரும்பு. இந்த ரெண்டு கல்லையும் எட்டுப் போட்டுச் சுத்து. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் கால் தரையில படக்கூடாது" என்றார்.

நன்றாகத்தான் போனேன். புளியமரத்தைச் சுற்றித் திரும்பும்போது எதிரே ஒரு வில்வண்டி வந்தது. உள்ளே எங்கள் ஊர் அம்பலம், அதாவது ஊர்த் தலைவர், உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் தெரியும். அடுத்த நிமிடம் நான் தரையில் நின்றுகொண்டிருந்தேன். இன்ஜின் அணைந்து கிடந்தது. தோளில் இருந்த துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் நடந்தே வந்தார்.

"என்னய்யா, வண்டி கோளாறா?"

"இல்லைங்கய்யா. எங்க ஊரு அம்பலம் வந்தாக."

"வந்தா?"

"எறங்கணும்ல."

அவர் சிரிக்கக்கூட இல்லை. "அப்ப லைசன்ஸையும் அவருகிட்டயே வாங்கிக்க" என்று சொல்லிக் காகிதத்தை மடித்துவிட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சைக்கிளில் போகிறவன் எதிரே பெரிய மனிதரோ உறவில் மூத்தவரோ வந்தால் இறங்கி, துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் தாண்டிப் போகும்வரை நிற்க வேண்டும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அப்பா இறங்குவதைப் பார்த்து நானும் இறங்கியவன்.

முதலாளி கேட்டுவிட்டு, "அடுத்த மாசமும் இப்படித்தான்னா மதுரையிலேருந்து ஆளைக் கொண்டாந்துருவேன். நீ பழையபடி மாட்டைப் பாரு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஒரு மாதத்துக்குள் இந்தக் கால்களை வழிக்குக் கொண்டுவராவிட்டால் நான் என் அப்பனுக்குப் பிறந்தவன் இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

முதலாளி வீட்டுப் பழைய சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு தினமும் சாயங்காலம் எங்கள் ஊர்ப் பக்கம் போனேன். பெரியவர்கள் எந்த வழியில் வருவார்களோ அந்த வழியில் வேண்டுமென்றே போனேன். முதல் இரண்டு நாளும் இறங்கிவிட்டேன். மூன்றாம் நாள் கயிற்றை எடுத்து இரண்டு காலையும் மிதியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். எதிரே தாய்மாமன் வந்தார். கால் இறங்கப் பார்த்தது, கயிறு விடவில்லை, சைக்கிளும் நானுமாகக் கருவேல முள்ளில் போய் விழுந்தோம். விழுந்த இடத்திலும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தேன் என்றால் யாரும் நம்பப் போவதில்லை. மாமா, "என்னடா மாப்ள, கால்ல கயிறு?" என்று கேட்டுவிட்டு முள் எடுத்துவிட்டார்.

பத்தாவது நாள், கயிறில்லாமல், அதே மாமாவை இறங்காமல் தாண்டிப் போனேன். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அன்றைக்கே செய்தி அப்பா காதுக்குப் போய்விட்டது.

"மாமனப் பாத்தும் எறங்காமப் போனியாமே?"

"பழகுறேன்ப்பா. எறங்குனா லைசன்ஸ் தர மாட்டாக."

"இன்னக்கி மாமன். நாளைக்கு அம்பலம் வந்தாலும் இப்படித்தானா?"

"லைசன்ஸ் வாங்குற வரைக்கும் யாரு வந்தாலும் எறங்க மாட்டேன்."

"நான் வந்தா?"

"நீங்க வந்தாலுந்தான்."

"அப்ப எங்கிட்டப் பேசாத" என்றார். பேசவில்லை. அவரும் பேசவில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால்கூட நான் ஒரு மூலை, அவர் ஒரு மூலை. எனக்கும் முன்கோபம் அவரிடமிருந்து வந்ததுதானே.

மறுமாதம் இன்ஸ்பெக்டர் வந்த அன்று சந்தை நாள். முதலாளி மகன் தன் பழைய காக்கிக் கோட்டை எனக்குப் போட்டு, தலையில் ஒரு தொப்பியும் கண்ணில் கண்ணாடியும் மாட்டிவிட்டார். இந்த வேஷத்தில் துண்டு போட இடமில்லை. அதுவே பாதித் தைரியம் தந்தது. வண்டியைக் கிளப்பினேன். எதிரே வந்த இரண்டு பெரியவர்களைத் தாண்டினேன். கால்கள் அசையவில்லை.

புளியமரத்துக்கு இந்தப் பக்கம், சந்தையில் கத்தரிக்காய் விற்றுவிட்டு, வெறுங்கூடையோடு அப்பா நடந்து வந்துகொண்டிருந்தார்.

என்னை வழிமறிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மோட்டார் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். காக்கியையும் தொப்பியையும் பார்த்தார். சட்டென்று ரோட்டை விட்டு இறங்கி, கூடையைக் கீழே வைத்து, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சற்றுக் குனிந்து நின்றார்.

நான் இறங்கவில்லை. "அப்பா, நான்தான்" என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அவரைத் தாண்டி, மரத்தைச் சுற்றித் திரும்பி, மறுபடியும் அவரைத் தாண்டினேன். அப்போதும் அப்படியே நின்றார். கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்தது. எட்டுப் போட வேண்டிய அந்த இரண்டு கற்களும் எனக்குச் சரியாகத் தெரியவேயில்லை. ஆனாலும் சுற்றினேன். இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கிய பிறகுதான் காலை ஊன்றினேன்.

"இப்ப சரி. உங்க ஊருல பெரியவங்க யாரும் இல்லையா இன்னைக்கு?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனேன். அப்பா கொஞ்ச தூரம்தான் நடந்திருந்தார். பக்கத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றினேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. கக்கத்தில் இன்னும் துண்டு இருந்தது. அதை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வெயிலு கண்ணுல அடிச்சுச்சு. நீன்னு தெரியல."

"லைசன்ஸ் கெடச்சுருச்சுப்பா. ஏறுங்க, ஊருல விட்டுட்டு வாரேன்."

வேண்டாம் என்றார். நான் நகரவில்லை. கடைசியில் கூடையைக் கையில் கோத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். துண்டின் இரண்டு நுனியையும் அவர் மார்பில் நானே முடிந்துவிட்டேன், காற்றில் பறந்துவிடக் கூடாது என்று.

எங்கள் தெருவுக்கு அம்பலம் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்பாவும் பார்த்துவிட்டார்.

"நிறுத்துடா. நான் எறங்கிக்கிறேன்."

நான் நிறுத்தவில்லை. என் வலது தோளிலிருந்து அவர் கை விலகுவது தெரிந்தது. துண்டின் முடிச்சைத் தேடுகிறார். நான் கியரைத் தள்ளி வேகத்தைக் கூட்டினேன். வண்டி ஒரு குதி குதித்தது. அப்பா பயந்துபோய் இரண்டு கையாலும் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்படியே தாண்டினோம்.