கிருத்திகை அன்று நான் சமைத்த விருந்து

போன வருஷம் ஆவணி மாதம், எங்கள் கல்யாண நாளன்று நடந்தது இது. உத்திரமேரூரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது எங்கள் கிராமம். எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்றை உத்திரமேரூரில் வைத்திருக்கிறேன். என் மனைவி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். தினமும் தொண்ணூறு பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டு வந்து வீட்டிலும் அவள்தான் சமைப்பாள்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். டீக்கடையில் சர்க்கரை போடாமல் கொடுத்தால்கூடக் கேட்காமல் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு இந்த ஆசை வந்ததற்கு ஒரு பஸ் பயணம்தான் காரணம்.

அதற்கு முந்தின மாதம் செங்கல்பட்டில் இருக்கும் எங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மகளும் மருமகனும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் தட்டில் ஒருவர் எடுத்துப் போட்டுக்கொண்டு, சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு பேரும் ஒண்ணா குந்திக்கினு சூடா சாப்டறத பாக்க நல்லா கீது இல்ல?" என்றாள். நான் "ம்" என்றேன்.

எங்கள் வீட்டு வழக்கம் வேறு. முதலில் நான் சாப்பிடுவேன், அவள் பரிமாறுவாள். நான் கை கழுவியபிறகு மிச்சத்தையெல்லாம் மூடி வைத்துவிட்டு, சமையலறை வாசற்படி ஓரமாக உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள். அதற்குள் எல்லாம் ஆறிப்போயிருக்கும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி, அவள் பிறந்த வீட்டிலும் அப்படி. இருபத்தாறு வருஷத்தில் கல்யாணப் பந்தி தவிர நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை என்பது, அவள் சொன்ன பிறகுதான் என் மண்டையில் உறைத்தது.

அடுத்த வாரம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கணவன் ஒருவன் மனைவிக்குத் தானே சமைத்துப் போடுகிறான். மேஜை நடுவில் மெழுகுவர்த்தி. முதலில் சூப், அடுத்து சாப்பாடு, கடைசியில் இனிப்பு. மூன்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைக்கிறான். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கல்யாண நாளுக்கு நானும் இதைச் செய்தே தீருவது என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். எனக்குத் தெரிந்த சமையல் வெந்நீரும் டீயும்தான். தெரியாவிட்டால் என்ன, கற்றுக்கொள்ளலாம். காயில் கட்டக்கூடப் பிறக்கும்போதே தெரிந்துகொண்டா வந்தேன்?

கடையில் டீ போடும் சின்ன ஸ்டவ்விலேயே பத்து நாள் ரகசியமாகப் பழகினேன். ரகசியம் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் மூன்றாவது நாளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றார். "இன்னா தலைவா, ஆயில் ஊத்தறத வுட்டுட்டு மோட்டாருக்கு சூப்பு ஊத்தறியா?" என்றார். காது வரைக்கும் எனக்குச் சூடேறியது. ஆனாலும் அடுப்பை அணைக்கவில்லை.

கோழி சூப், சீரகச் சம்பா பிரியாணி, சேமியா பாயசம். இதுதான் திட்டம். மோட்டாரைப் பிரிக்கும்போது எந்த ஒயர் எங்கே போகிறது என்று எழுதி வைப்போமே, அதுபோல எதற்குப் பிறகு எது, எத்தனை ஸ்பூன் என்று வரிசையாக ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கல்யாண நாளன்று காலை ஆறரைக்கே போய் அரைக்கிலோ கோழிக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் பள்ளிக்கூடம் போனதும் ஆரம்பித்துவிடலாம் என்று நினைப்பு. தலைக்குக் குளித்து, நெற்றியில் விபூதியோடு அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"பையில இன்னா?"

"மோட்டார் சாமான்."

"மோட்டார் சாமானுல இன்னாய்யா தண்ணி சொட்டுது?"

"ஆயிலு."

அவள் பையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "இன்னிக்கு கிருத்திகை. பள்ளிக்கூடத்துல இருந்து அப்படியே கோயிலுக்குப் பூட்டு, வெளக்கு வெக்கிற நேரத்துக்குத்தான் வருவேன். சோறு கீது, ரசம் கீது, போட்டுத் தின்னுக்கோ" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரைப் போய்ப் பார்த்தேன். தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில் கிருத்திகை விரதம் என்று போட்டிருந்தது. பத்து நாளாக அந்தக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிய எழுத்தில் இருக்கும் இங்கிலீஷ் தேதியை மட்டும் பார்த்திருக்கிறேன். மாதத்தில் ஒரு நாள் வீட்டில் கறி மீன் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அவள் அன்றைக்குச் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீரோடு இருக்கிறாள் என்பதை நான் கவனித்ததே இல்லை.

கோழியை எடுத்துக்கொண்டு போய்ப் பஞ்சர் கடைக்காரரிடம் கொடுத்தேன்.

"இன்னா விசேஷம்?"

"வூட்ல கிருத்திகை."

"அப்ப உன் சமையல் பரீட்சை கேன்சலா?"

"இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான், ஆமாம், கேன்சல் இல்லை என்று எனக்கே உறுதியானது.

மகளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஐந்து நிமிஷம் சிரிப்புதான். பிறகு, "நைனா, விரதத்துக்கு வெங்காயம் பூண்டு ஆவாது. தக்காளி சூப்பு, தேங்காப்பால் சாதம், பாசிப்பருப்பு பாயசம். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ" என்றாள். எழுதிக்கொண்டேன். "இன்னொண்ணு. வாயில வெச்சு உப்பு பாக்காத. சாமிக்குப் படைச்சிட்டுத்தான் அம்மா சாப்டும்."

"ருசி பாக்காம எப்படிம்மா ஆக்கறது?"

"அம்மா மட்டும் எப்படி ஆக்குது? கிருத்திகை அன்னிக்கு அத்தினி பசங்களுக்கு ஆக்கிப் போடுது, ஒரு பருக்கை வாயில வெக்காது. பதினோரு வருஷமா இப்படித்தான் கீது. உனுக்குத் தெரியாதா?"

"எதுக்கு?"

"அந்த வருஷம் உனுக்கு கரென்ட் அடிச்சி ஆஸ்பத்திரியில கெடந்தியே, அப்ப வேண்டிக்கினது" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஏதோ ஒரு பண்ணைக் கிணற்றில் மோட்டார் இறக்கப் போன இடத்தில் ஷாக் அடித்ததும், ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது முடிந்துபோன கதை என்று நினைத்திருந்தேன். அவள் மாதாமாதம் பட்டினி கிடந்து அந்த வேண்டுதலைச் செலுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். இன்றைக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் சூடாகச் சாப்பிட வேண்டும், அதுவும் என் எதிரே உட்கார்ந்து. அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை. எழுந்து கடையைச் சாத்தினேன்.

காய்கறிக் கடைக்கார அம்மா தக்காளியும் தேங்காயும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "இன்னா அண்ணா, அண்ணி ஊருக்குப் பூட்டாங்களா?" என்றார். "இல்ல, வூட்ல நான்தான் இன்னிக்கு சமையல்" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியது குறைவு.

மூன்று மணிக்கு, ஒத்திகை பார்ப்போம் என்று வைத்த சாதம் அடிப்பிடித்துப் போனது. அதைப் பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு, பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டு, மறுபடி தேங்காய் துருவ உட்கார்ந்தேன். விரலில் இரண்டு இடத்தில் துருவி கிழித்தது. ஐந்து மணிக்குச் சரியாக ஒரு அடுப்பில் தக்காளியும் இன்னொன்றில் தேங்காய்ப்பாலும் ஏற்றினேன். தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, போட்டு முடித்ததை எல்லாம் பேனாவால் டிக் அடித்துக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு விவசாயி போன் பண்ணி, மோட்டார் எப்போது ரெடியாகும் என்று கேட்டார். பேசிக்கொண்டே ஒரு டிக், வைத்துவிட்டு ஒரு டிக். ஆறே காலுக்கு மூன்றும் தயார். மணம் நன்றாகத்தான் இருந்தது.

துணி இஸ்திரி போடும் மேஜையைக் கூடத்துக்கு நடுவே இழுத்துப் போட்டு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை எதிரெதிரே வைத்தேன். சாஸரில் ஒரு மெழுகுவர்த்தியை நிறுத்தி ஏற்றினேன்.

அவள் உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்தாள். டியூப் லைட்டைப் பார்த்தாள்.

"கரென்ட் கீதே. எதுக்குய்யா மெழுகுவத்தி?"

"சும்மா. நீ சாமி கும்பிட்டு வா."

படைப்பதற்கு எடுத்து வைத்திருந்த மூன்று கிண்ணங்களைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. விளக்கேற்றி, கற்பூரம் காட்டிவிட்டு வந்து, வழக்கம்போலக் கரண்டியை எடுத்துக்கொண்டு, "நீ குந்து, நான் போடறேன்" என்றாள்.

"இல்ல. இன்னிக்கு நான்தான் போடுவேன். நீ குந்து."

"நல்லா கீதே. நீ நிப்ப, நான் குந்திக்கினு தின்னணுமா? யாராவது பாத்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். குந்து மே."

என் குரல் அவ்வளவு அழுத்தமாக வந்ததில் அவளுக்கும் ஆச்சரியம், எனக்கும் ஆச்சரியம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். சூப்பை இரண்டு கிண்ணத்தில் கொண்டுவந்து எதிரெதிரே வைத்தேன். ஒரு வாய் குடித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி குடித்தாள். ஒரு சொல்லும் இல்லாமல் அவள் கிண்ணம் காலியானது. "எப்படி?" என்று கேட்க எனக்கு வெட்கம். அடுத்த ரவுண்டை எடுக்க உள்ளே ஓடினேன். சாதத்தைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றேன். ஒரு கவளம் வாயில் வைத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"யோவ். சூப்புக்குப் போட வேண்டிய உப்பையும் இதுலயே போட்டுட்டியா?"

அந்தப் போன்! பேசிக்கொண்டே சாதத்தில் ஒருமுறை, பேசி முடித்ததும் சூப்பு என்று நினைத்து அதே சாதத்தில் இன்னொரு முறை. தாளில் இரண்டு டிக்கும் சரியாக இருந்தன. காலையிலிருந்து பட்டினி கிடந்தவளுக்கு உப்பே இல்லாத சூப்பையும் வாயில் வைக்க முடியாத சாதத்தையும் கொடுத்திருக்கிறேன். கண் கலங்கிவிட்டது எனக்கு. "வுடு மே, ரசம் சோறு கீது, எடுத்தாறேன்" என்று தட்டை இழுத்தேன்.

அவள் தட்டை விடவில்லை.

"அந்த சூப்பு சட்டிய இங்க கொண்டா."

"எதுக்கு?"

"கொண்டான்னா கொண்டா. பாயசத்தையும் கொண்டா. நீ ஒவ்வொண்ணுக்கும் உள்ள போயி வந்துக்கினு இருந்தா எப்பதான் திம்ப? உன் கிண்ணத்துல கீற சூப்பு ஆறி ஏடு கட்டிப் போச்சு பாரு. உன் தட்ட எடுத்துக்கினு வந்து எதிர்க்க குந்து."

அப்போதுதான் பார்த்தேன். சேர்ந்து சாப்பிடுவதற்காக இத்தனை பாடுபட்டவன், அவளை உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டிருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக அவள் நின்ற இடத்தில் நான் நின்றேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று பாத்திரத்தையும் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மெழுகுவர்த்திக்கு இடம் இல்லாமல் அதை ஊதி அணைத்தாள். இரண்டு தட்டிலும் சாதத்தைப் போட்டு, மேலே சூப்பைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்தாள். "இப்ப துன்னு பாரு" என்றாள். உப்பு கச்சிதமாக இருந்தது. சூடாகவும் இருந்தது. பசியில் இரண்டு பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டோம்.

பிறகு நான் கேட்டேன், "பதினோரு வருஷமா எனுக்காகப் பட்டினி கெடக்கறியே, ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?" என்றாள் சாதாரணமாக, பாயசத்தை என் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே. சிறிது நேரம் கழித்து, "காலையில அது ஆயில் இல்லன்னு எனுக்குத் தெரியும். கோழிக்கறி வாசன தெரியாதா எனுக்கு? கல்யாண நாளுக்கு மனுசன் ஏதோ பண்றாரு, வாய வெச்சுக் கெடுப்பானேன்னுதான் பேசாம போனேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாயசத்துக்கு மட்டும் எந்தக் குறையும் சொல்லவில்லை, இரண்டு முறை ஊற்றிக்கொண்டாள்.

அந்த மேஜை அதற்குப் பிறகு கூடத்தைவிட்டு நகரவில்லை. இப்போதும் பெரும்பாலும் அவள்தான் சமைக்கிறாள், கிருத்திகை அன்று மட்டும் என் பொறுப்பு. யார் சமைத்தாலும் பாத்திரங்கள் எல்லாம் நடுவில் வந்த பிறகுதான் இரண்டு பேரும் உட்காருகிறோம், நான் முதலில் முடித்துவிட்டாலும் அவள் கை கழுவும் வரை எழுந்திருப்பதில்லை. இத்தனை வருஷம் அவள் சமைத்ததைத்தான் சாப்பிட்டேன், அவளோடு சாப்பிடவில்லை என்பதை ஐம்பது வயதுக்கு மேல்தானே தெரிந்துகொண்டோம் என்று வருத்தம் வரும்போதெல்லாம், தெரிந்துகொள்ளாமலேயே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, இன்னொரு கரண்டி சாதத்தை அவள் தட்டில் போடுகிறேன்.