ஊசியக்காவின் இரண்டு வீடுகள்

முதலில் இரண்டு விரல்களால் தட்டுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். ரத்தம் கொடுக்க வந்தவரின் கையானாலும், விலைக்கு வந்திருக்கும் வீட்டின் சுவரானாலும் முறை ஒன்றுதான். நரம்பு கிடைத்துவிட்டால் முகம் தெளிந்துவிடும். சுவரில் ஓதம், உள்ளே ஊறிய ஈரம், கிடைத்துவிட்டால், "நல்லா இருக்கு, வீட்ல பேசிட்டுச் சொல்றேன்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பரிசோதனைக் கூடத்தில் வெறும் வயிற்றோடு காலையில் வந்து நிற்கும் வரிசைக்கு அவர் ஊசியக்கா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம். உயரமானவர்களுக்கு ஊசி போட வேண்டுமென்றால் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் ஒரு முக்காலியில் ஏறி உட்காருவார். "பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." அப்படியும் முகத்தைத் திருப்பிக்கொள்பவரிடம், "இவ்ளோ பெரிய மீசை வெச்சுக்கிட்டு எறும்புக்குப் பயந்தா எப்படி சார்?" என்பார். மீசைக்காரர் சிரித்து முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். பஞ்சை வைத்துக் கையை மடக்கி, "இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. நான் சொல்ற வரைக்கும் விடக்கூடாது" என்பார். அந்தப் பஞ்சில் ஓர் உருண்டையாவது அவருடைய கைப்பையில் எந்நேரமும் கிடக்கும்.

தன் வீடுகளின் வாடகையை உயர்த்தும்போதும் அதே எறும்புதான் வரும். "சும்மா எறும்பு கடிச்ச மாதிரிதான், பெருசா ஒண்ணும் ஏத்தல" என்று ஒருமுறை சொன்னபோது, குடியிருந்தவர், "போன வருசமும் இதே எறும்புதான்க்கா கடிச்சுது" என்றாராம். அதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஏற்றுவதாகச் சொன்னதில் பாதியைக் குறைத்துவிட்டு வந்த கதையைச் சொல்லமாட்டார்.

அவருக்கு இரண்டு வீடுகள். ஒன்று அடுக்குக் குடியிருப்பில் முதல் மாடி வீடு. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவர் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. மற்றொன்று சந்துக் கோடியில் இருக்கும் தரை வீடு. வங்கிக் கடனில் வாங்கியது. இரண்டின் வாடகையும் சேர்ந்தால்தான் கடனின் மாதத் தவணை தேறும். அதனால் கணவனும் மனைவியும் இருப்பது மூன்றாவதாக ஒரு வாடகை வீட்டில், இரண்டாம் மாடியில். சொந்த வீட்டுச் சாவிகள் பித்தளை வளையத்தில் தொங்கும். குடியிருக்கும் வீட்டின் சாவி மட்டும் ஒரு துண்டு நூலில்.

"ரெண்டு வீட்டுக்காரி. தண்ணி வரலைன்னா ஹவுஸ் ஓனர்கிட்ட போய் நிப்பா," என்று கணவர் கேலி செய்வார். நெடுங்காலம் வண்டிகளுக்கு அடியில் மண்டியிட்டு வேலை செய்த முட்டிகள் அவருக்கு. படியிறங்குவது பக்கவாட்டில்தான், கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு. இப்போது அதையும் விட்டுவிட்டார். நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, தெருவில் போகும் வண்டிகளின் சத்தத்தை வைத்தே நோய் சொல்வார். "அதுக்கு க்ளட்ச் போச்சு. அடுத்த மேட்டுல நிக்கும் பாரு."

தரை வீட்டை வாங்கியதே அந்த முட்டிகளுக்காகத்தான். கடன் அடைந்ததும் அங்கே குடிபோய்விடுவது. வாசலைத் திறந்தால் தெரு. அவர் டீக்கடை வரைக்கும் காலாற நடந்துவிட்டு வரலாம். ஊசியக்கா போட்ட திட்டம் இவ்வளவுதான்.

அந்தத் திட்டத்தில் மாடி வீடு ஓட்டை போட்டது. உள்ளறையின் ஒரு சுவரில், மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. மேல் வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை. குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை என்று குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். ஒரு வாடகை நின்ற நேரம் பார்த்து வங்கி வட்டியை ஏற்றியது. மாடி வீட்டை விற்றால் கடன் முழுதாக அடையும். விற்காவிட்டால் தரை வீட்டைத்தான் விற்க வேண்டும்.

எல்லாச் சுவரையும் தட்டிப் பார்ப்பவர் இந்தச் சுவரை எப்படி விட்டார்? கேட்டால் சங்கடமாகச் சிரிப்பார். வாங்கப் போன அன்று அந்தச் சுவரை ஒட்டிக் கட்டிலில் ஒரு பெரியவர் சுருண்டு படுத்திருந்தார். "அவரு கையில ஊசி போட்ட இடமெல்லாம் நீலமா கட்டியிருந்துச்சு. எந்தப் புண்ணியவான் குத்துனானோ. அதைத் தடவிக் குடுத்து, எப்படி ஒத்தடம் வெக்கணும்னு வீட்டாளுங்களுக்குச் சொல்லிட்டு வந்துட்டேன். கட்டிலை நகர்த்துங்கன்னு சொல்ல வாய் வரலை."

"கையைத் தட்டினவ கூடவே சுவத்தையும் ஒரு தட்டு தட்டியிருக்கலாம்," என்பார் கணவர் ஜன்னலிலிருந்து.

வீட்டுப் புரோக்கர் ஒரு வழி சொன்னார். "பட்டி பார்த்து ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சுட்டா மூணு மாசம் தாங்கும்க்கா. அதுக்குள்ள பத்திரம் முடிஞ்சிடும். ஓதம்னு சொன்னீங்கன்னா அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க. உங்களுக்கு வித்தவன் சொன்னானா?"

சொல்லவில்லை என்பது உண்மைதான். ஊசியக்கா பதில் பேசாமல் இருந்தார். புரோக்கர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஆள் வைத்து அடித்துவிட்டார்.

வாங்குபவர்கள் வருவதாக இருந்த அன்று காலை, கணவருக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு நின்றார்.

"என்ன, போகலையா?"

"சொல்லிட்டா விலை பாதியா விழும்ங்க. தரை வீடு கைவிட்டுப் போயிடும்."

"இந்த ஜன்னல்ல காத்து நல்லாத்தான் வருது."

"முட்டி?"

"அது எங்க போகப்போவுது? என்கூடத்தான் இருக்கும். நீ கிளம்பு, பஸ் போயிடும்."

வந்தது ஓர் இளம் தம்பதி. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பையன், ஏழு மாத வயிற்றோடு அவன் மனைவி. முதல் வீடு. அந்தப் பெண் காதில் கழுத்தில் எதுவும் இல்லை. முன்பணத்துக்காக நகைகள் ஏற்கெனவே பணமாக மாறியிருக்க வேண்டும். புரோக்கர் முன்னால் போய் ஜன்னல்களைத் திறந்தார். "வெளிச்சத்தைப் பாருங்க சார். பகல்ல லைட்டே வேணாம்." ஊசியக்கா சாவிவளையத்தை விரலில் சுற்றிக்கொண்டே பின்னால் நடந்தார். அந்த வீட்டில் அவர் எந்தச் சுவரையும் தொடவில்லை.

உள்ளறையில் அந்தப் பெண் நின்றாள். வெள்ளையாக மினுங்கிய சுவரைப் பார்த்து, "கட்டிலை இப்படி ஒட்டிப் போட்டுக்கலாங்க. பாப்பா சுவரோரமா படுத்துக்கும்," என்றாள் கணவனிடம்.

"அருமையான இடம்மா," என்றார் புரோக்கர்.

ஊசியக்கா அவள் கையைப் பிடித்தார். பழக்கத்தில் கட்டை விரல் தானாக மேலேறி நரம்பைத் தேடியது. பிறகு அவளுடைய இரண்டு விரல்களைச் சேர்த்து, அந்தச் சுவரில், கட்டில் போடலாம் என்று அவள் காட்டிய இடத்திலேயே வைத்தார்.

"அழுத்திப் பாரும்மா. நல்லா அழுத்து."

பெயிண்டு உள்வாங்கியது. புரோக்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் விரலை எடுத்தபோது நுனியில் ஈரமான வெள்ளைப் பட்டி ஒட்டியிருந்தது. ஊசியக்கா கைப்பையைத் திறந்து பஞ்சை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பின்பு பஞ்சை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, தன் இரண்டு கைகளாலும் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.