சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்த பாடங்கள்

வீடியோப் பாடம் விற்க வந்தவனின் டேப்லெட்டை வாங்கி முதல் வேலையாகச் சத்தத்தை அணைத்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, எங்க கோர்ஸுல சார் வாய்ஸுதான்க்கா ஸ்பெஷலே. வால்யூமக் கூட்டிக் கேளுங்க" என்றான்.

"எம் மகளுக்குக் காது கேக்காது தம்பி. ஒங்க சார் வாய்ஸ வச்சு அவ என்ன பண்ணப்போறா?" என்றேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. மதுரையில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அல்லாஹ் புண்ணியத்தில். காது போய்விட்டது. மெஷின் மாட்டிப் பார்த்தோம். ஏதோ அதிர்கிற மாதிரி இருக்கிறது என்றாள், அவ்வளவுதான். காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷனுக்காகப் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனபோது, உள்காதில் எலும்பு வளர்ந்து மூடிக்கொண்டது, இனிமேல் செய்தும் பிரயோஜனமில்லை என்றார். காய்ச்சல் விட்ட கையோடு வந்திருக்க வேண்டுமாம். அதை அப்போதே யாராவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பதினொன்றாம் வகுப்புக்குப் பழைய பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினேன். அங்கே டீச்சர்கள் போர்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள், இவள் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். முதல் பரீட்சையிலேயே மார்க் சரிந்தது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "இங்க வச்சுப் பாக்க எங்களால முடியாதும்மா. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு ஸ்கூல் இருக்கு, அங்க சேத்து விடுங்க" என்றார். முந்தின வருடம் இதே பிள்ளையை மேடையேற்றிக் கை தட்டியவர் அவர். "ஒங்க ஸ்கூலு இல்லாட்டி எம்புள்ள படிக்காதா? வீட்டுல வச்சே படிக்க வச்சுக் காட்டுறேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, டிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தலைமையாசிரியை சொன்ன மாதிரிப் பள்ளிக்கூடம் வெளியூரில்தான் இருந்தது; அங்கே விடுதியில் தங்கிக் கைஜாடை படிக்க அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒன்னய விட்டுப் போகமாட்டேன்" என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதாள். ஆக, வீட்டிலிருந்தே படித்துத் தனித்தேர்வராகப் பரீட்சை எழுதுவது என்று முடிவானது. இதற்குள் என் நாத்தனார் ஒரு மாப்பிள்ளையோடு வந்துவிட்டார். இரண்டாம் தாரம். "காது கேக்காத புள்ளைக்கு இம்புட்டுப் படிப்பு எதுக்கு? வந்தத விட்டுறாதீக" என்று அவள் எதிரிலேயே பேசினார். அவளுக்குத்தான் கேட்காதே! ஆனால் நாத்தனார் முகத்தைப் பார்த்தே என்ன பேச்சு என்று என் மகள் தெரிந்துகொண்டாள். என் கணவர் கடைசியில், "பன்னெண்டாவது பாஸாகட்டும், காலேஜுல போடுறேன். ஆகலன்னா அக்கா சொல்றதுதான்" என்றார். பிரியாணிக் கடைக்காரர், ஒரு பேச்சுப் பேசினால் பேசினதுதான். அந்தப் பரீட்சையை நம்பித்தான் என் மகளுடைய வாழ்க்கை இருந்தது.

அதனால் வீடியோப் பாடம் தேடினோம். என் சோதனை ஒன்றுதான்: சத்தத்தை அணைத்துவிட்டு வாயை மட்டும் பார்ப்பது. அப்படிப் பார்த்தால்தான் தெரிகிறது, இந்த உலகத்தில் வாத்தியார்கள் என்ன லட்சணத்தில் பேசுகிறார்கள் என்று. டேப்லெட்டோடு வந்தவன் காட்டிய சாருக்கு மீசை மேலுதட்டை முழுசாக மூடியிருந்தது. இன்னொரு கோர்ஸில் ஆளே இல்லை, கறுப்புத் திரையில் ஒரு கை மட்டும் எழுதிக்கொண்டே போகிறது. இலவசமாகக் கிடைத்த பாடங்களைப் பார்த்தேன். பாதிக்கு மேல் கொரோனா காலத்தில் எடுத்தவை, டீச்சர் மாஸ்க் போட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறார். யாருமில்லாத ரூமில் கேமராவுக்கு எதிரே நின்றுகொண்டு மாஸ்க் எதற்கு தாயி என்று திரையைப் பார்த்துத் திட்டினேன். கீழே எழுத்து ஓடும், அதைப் படித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். போட்டுப் பார்த்தால், தமிழில் பேசுவதை அது என்னத்தையோ கேட்டு என்னத்தையோ எழுதித் தள்ளியது.

கடைசியில் ஒரு செயலியில் அந்த டீச்சர் கிடைத்தார். நடுத்தர வயது. நேரே நம்மைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் பேசினார். உதடு தெளிவாகத் தெரிந்தது. பொருளியல் பாடம் ஒன்றை மகளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"வெளங்குதா?" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டேன். தலையை ஆட்டினாள்.

நான் லேசில் நம்புகிற ஆளா? "என்ன சொன்னாங்க, சொல்லு பாப்போம்" என்றேன். விலை ஏறினால் வாங்குகிறவர்கள் குறைவார்கள், அதுதான் தேவை விதி என்று கடகடவென்று சொன்னாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கே பணத்தைக் கட்டச் சொன்னேன்.

மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து என் கணவர் பக்கத்து அறையில் செத்த நேரம் தூங்குவார். அவளுக்குக் கேட்காத சத்தம் அவர் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று எப்போதும் அணைத்தே வைத்திருந்தோம். நான் கடைக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன், அவள் எதிரே உட்கார்ந்து திரையைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். நாத்தனார் வந்தபோது வேண்டுமென்றே அங்கேயே உட்காரவைத்து டீ கொடுத்தேன்.

ரம்ஜான் நோன்புக்குச் சற்று முன்னால், "டீச்சர் மாறிட்டாங்கம்மா" என்றாள். செயலி புதிதாக மாறியிருந்தது. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, நான் எட்டிப் பார்த்தேன். இவரும் ஒரு பெண், இவரும் நேரே பார்த்துத்தான் பேசினார். போர்டிலும் முன்னைப் போலவே வரைபடக் கோடுகள், ஆங்கில எழுத்து. "வாய் தெரியுதுல்ல?" என்று கேட்டேன். தெரிகிறது என்று தலையை ஆட்டினாள். நான் அரிசியைத் தள்ளிவிடப் போய்விட்டேன்.

நோன்பு முடிந்தது. பெருநாள் முடிந்து பக்ரீத்தும் நெருங்கிவிட்டது. ஒரு மத்தியானம் அவள் பாடம் பார்த்துக்கொண்டிருக்கையில் போனில் மசாலாத் தூள் அப்பியிருக்கக் கண்டு, எடுத்து முந்தானையால் துடைத்தேன். துடைத்ததில் பக்கத்துப் பொத்தான் அழுந்திச் சத்தம் வந்தது.

அந்த டீச்சர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. விளம்பரமோ என்று நினைத்தேன். முந்தைய பாடத்தைப் போட்டேன், இந்தி. அதற்கு முந்தையது, இந்தி. செயலி மாறி டீச்சரும் மாறிய நாளிலிருந்து அத்தனையும் இந்தி. எங்கள் வீட்டில் இந்தி தெரிந்த ஆள் ஒருவர் கிடையாது. என் மகள் அந்தப் பாடங்களையெல்லாம் பார்த்து, தலையாட்டி, நோட்டில் எழுதி முடித்திருந்தாள்.

"ஏ புள்ள, இவுக இந்தியில பேசுறாங்கடி!" என்றேன். அவளுக்குப் பிடிபடவில்லை. போனில் எழுதிக் காட்டினேன். படித்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இந்தியாம்மா?" என்றாள். "எனக்குத்தான் வெளங்கலன்னு நெனச்சேன்."

"அப்ப மொத டீச்சர்? அவுக சொன்னத ஒழுங்காச் சொன்னியே?"

இதையும் எழுதித்தான் காட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அது புக்குல இருக்கும்மா. முன்னாடியே படிச்சு வச்சிருந்தேன்."

யா அல்லாஹ்! மீசை இல்லாத வாத்தியாரைத் தேடி நான் ஊரையே சலித்தேன். தெளிவான உதடு, நேரான முகம் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். உதட்டைப் பார்த்தால் பேச்சு விளங்கிவிடும் என்று யார் எனக்குச் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. அவள் தலையாட்டினாள், நான் நம்பினேன்.

அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. அவள் மோவாயைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கவைத்தேன். "நா பேசுறதாச்சும் ஒனக்கு வெளங்குதா?"

என் வாயையே பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

மனசு கேட்கவில்லை. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, சோறு போடும்போது பேசுகிற மாதிரி சொன்னேன். "ஒங்க அத்தா இன்னைக்குக் கடையில யானையப் பிடிச்சுப் பிரியாணி தம் போடுறாராம். வால் ஒனக்குத்தானாம்."

"சரிம்மா" என்று சிரித்துத் தலையை ஆட்டினாள்.

காய்ச்சலுக்குப் பிறகு இத்தனை காலமாக அவளோடு பேசியிருக்கிறேன். திட்டியிருக்கிறேன், கொஞ்சியிருக்கிறேன், நாத்தனார் பேச்சுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அதில் எதெல்லாம் அவளிடம் போய்ச் சேர்ந்தது? சாப்பிடு, குளி, வா, படு. அதற்கு மேல் ஒன்றும் போயிருக்காது என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

யானைப் பேச்சைப் போனில் எழுதி அவளிடம் நீட்டினேன். படித்தாள். சிரிப்பு அப்படியே வற்றிப்போனது.

"ஏன்டி தங்கம்?" என்று கீழே எழுதினேன். "ஏன் தலைய ஆட்டுன?"

காது போன பிறகு அவள் குரல் தட்டையாகிவிட்டிருந்தது, எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பதும் அவளுக்குத் தெரியாது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்காரும் அளவுக்கு உரக்கச் சொன்னாள்:

"ஸ்கூல்ல வெளங்கலன்னு சொன்னேன்லம்மா. வேற எடம் பாருங்கன்னுட்டாங்க. ஒங்கிட்டயும் சொன்னா, நீயும் வேற எடம் பாத்துருவேன்னு பயந்துட்டேன்."