எங்கள் ராஜ்யத்துக்கு இரண்டாம் பாகம்

கணினியில் ஆடுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது. பழைய காலத்து உலக வரைபடம் திரை முழுக்க விரிந்து கிடக்கும். அதில் ஏதாவது ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஆள வேண்டும். சண்டை மட்டும் என்றால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். வரி போட வேண்டும், தானியம் சேர்க்க வேண்டும், பக்கத்து நாட்டில் பெண் எடுக்க வேண்டும், கலகம் வந்தால் அடக்க வேண்டும், வாரிசு பெற வேண்டும். ராஜா செத்தால் பிள்ளை வருவான். அவனையும் நாம்தான் ஆட்டி வைக்க வேண்டும். பொம்பளைக்கு எதற்கு இந்த விளையாட்டு என்று கம்பெனியில் என் லைனில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்பார்கள். ஓசூரில் வாடகை வீட்டை ஓட்டுகிறவளுக்கு ஒரு நாட்டை ஓட்டுவது என்ன பெரிய வித்தை என்பேன்.

நான் விருதுநகர்ப் பக்கம். என் வீட்டுக்காரர் மத்தூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். அவர் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் இரும்பு கடைகிற சிஎன்சி மெஷின் ஓட்டுகிறார். நான் போன் பாகங்கள் பொருத்துகிற கம்பெனியில் பூதக்கண்ணாடி வழியாகப் பொடி ஸ்க்ரூக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மத்திகிரியில் மாடி வீடு. அவருக்கு முதல் ஷிப்ட் என்றால் எனக்கு இரண்டாவது. அவர் படியேறுவார், நான் படியிறங்குவேன். குடித்தனம் பெரும்பாலும் அந்தப் படியில்தான் நடந்தது.

அதனால்தான் இருவரும் ஒரே ராஜ்யத்தை ஆடினோம். அவர் ஆடி நிறுத்திவிட்டுப் போவார், நான் வந்து அங்கிருந்து தொடர்வேன். படியில் எதிரே பார்க்கும்போது ஒப்படைப்பு நடக்கும். கம்பெனியில் மெஷினை அடுத்த ஆளிடம் ஒப்படைக்கிற மாதிரியே நின்றுகொண்டு சொல்வார். "வடக்கால கலகம். கஜானால ஒண்ணுமில்ல. ராணிக்கு ஒடம்பு சரியில்ல. சாம்பார் அடுப்பு மேல இருக்குது." நானும் அப்படியே சொல்வேன். மற்ற ஜோடிகள் போனில் கொஞ்சிக்கொள்வார்கள். எங்களுக்கு இதுதான் கொஞ்சல்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தால் அதை அணைக்காமல் அடுத்த ஷிப்டுக்கு விடமாட்டார். துடைத்து, கழிவை அள்ளிப் போட்டு, பளிச்சென்றுதான் ஒப்படைப்பார். அடுத்த ஆள் வந்து நிற்கும்போது மெஷின் சுத்தமாக இருக்க வேண்டும். இதற்காகக் கம்பெனியில் அவருக்கு நல்ல பெயர். விளையாட்டிலும் அப்படித்தான். திரையில் ஏதாவது அறிவிப்பு வந்தால் 'ஓகே' அழுத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். எனக்கு முதலில் அது பிடித்துத்தான் இருந்தது.

போன வருஷம் எனக்கு வயிற்றில் பிள்ளை. விளையாட்டிலும் எங்கள் ராணிக்கு ஒரு பையன் பிறந்திருந்தான். "அங்க ஆம்பள, அப்ப இங்க பொம்பள" என்று அவர் கேலி பண்ணிக்கொண்டு திரிந்தார். பிறக்கும் முன்னால் எதுவும் வாங்கி வைக்கக் கூடாது என்று என் அம்மா போனில் கத்தியதையும் மீறி, ஓசூர்க் குளிருக்குப் பயந்து ஒரு மஞ்சள் கம்பளிக் குல்லாயும் காலுறையும் வாங்கி அலமாரியின் கீழ்த்தட்டில் ஒளித்து வைத்தேன். வெயில் ஊரில் பிறந்தவளுக்கு இந்த ஊர் மார்கழி என்றால் அப்படி ஒரு பயம்.

வளைகாப்புக்கு நாள் பார்த்திருந்தார்கள். அதற்கு முன்னாலேயே பிள்ளை அசையாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். பெண் பிள்ளை. "நீ முகத்தப் பாக்க வேண்டாம்த்தா, பாத்தா மறக்க முடியாது" என்று என் அம்மா சொன்னாள். எனக்கும் மயக்கம் தெளியவில்லை, சரி என்றேனா இல்லையா என்று கூட ஞாபகம் இல்லை. அவர்தான் துணியில் வாங்கிக்கொண்டு போனார். அவர்தான் புதைத்துவிட்டு வந்தார். பெயர் வைக்காத பிள்ளைக்குக் காரியம் கிடையாது. மூன்றாம் நாள் இல்லை, பதினாறாம் நாள் இல்லை, படம் இல்லை. அழுவதற்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுக்கிற வழக்கமெல்லாம் பெயர் வைத்தவர்களுக்குத்தான்.

நான் வீட்டுக்கு வந்தபோது வீடு பளபளவென்று இருந்தது. தரை துடைத்திருந்தது. அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் புது நியூஸ்பேப்பர் விரித்திருந்தது, அதன்மேல் ஒன்றுமே இல்லை. நான் அதைப் பார்த்துவிட்டு அலமாரியை மூடினேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே ஏதாவது உடைந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும் அல்லவா? ஒன்றும் கேட்கவில்லை.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று பேசுகிறவர். துக்கத்துக்கு எல்லாவற்றையும் கலந்துவிட்டார். "ஆய்த்தும்மா, ஆய்த்து. வயசு இருக்குது, அடுத்தது நல்லா பொறக்கும்." முடிந்தது, முடிந்தது. ஊரே சேர்ந்து அதைத்தான் சொன்னது.

கொஞ்ச நாள் கழித்து, அவர் வேலைக்குப் போயிருந்தபோது லேப்டாப்பைத் திறந்தேன். ராஜ்யத்தில் வாரிசைக் காணோம். வம்சப் படத்தில் அந்தப் பையன் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். அவர் வந்ததும் படியில் நின்று கேட்டேன்.

"ஏங்க, இளவரசன் எங்க?"

"அது செத்துடுச்சி. ஏதோ காய்ச்சல்னு வந்துச்சி. நான் பாத்து ஓகே குடுத்துட்டன். உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் வீட்டையும் அப்படித்தான் எனக்கு ஒப்படைத்திருக்கிறார் என்று. சிவப்பு விளக்கை அணைத்து, கழிவை அள்ளி, துடைத்து. அவர் மனசில் கள்ளம் இல்லை. அன்பாகச் செய்ததுதான். ஆனால் என் பிள்ளையைப் பார்த்த ஒரே ஆள் இவர். இவர் வாயைத் திறக்கவில்லை என்றால் எனக்குப் பிள்ளை என்று ஒன்று இருந்ததாகவே ஆகாது. எப்படி இருந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று காத்திருந்தேன். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்ட மாதிரி அவர் வந்தார், சாப்பிட்டார், தூங்கினார், போனார். நானாகக் கேட்டிருக்கலாம். கேட்பதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

மறுபடியும் வேலைக்குப் போனேன். ஸ்க்ரூக்களைப் பார்த்தேன். சாப்பிட்டேன். யாராவது ஜோக் சொன்னால் எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரித்தேன். ஒரே ஒரு கிறுக்கு மட்டும் பிடித்துக்கொண்டது. கடைக்குப் போகும்போது டவுன் பஸ்ஸில் யாராவது கைக்குழந்தையோடு ஏறினால் அதன் தலையைப் பார்ப்பேன். அந்த மஞ்சள் குல்லாயை அவர் யாருக்காவது கொடுத்திருப்பார், குப்பையில் போட மனசு வந்திருக்காது என்று ஒரு கணக்கு. மாட்டுப் பண்ணை ஸ்டாப்பில் ஏறுகிற பெண்களின் பிள்ளைகள் எல்லாருடைய தலையும் எனக்கு மனப்பாடம். சிவப்பு, ஊதா, காது வைத்தது, குஞ்சம் வைத்தது. மஞ்சள் வரவில்லை.

இப்படியே மாதங்கள் போயின. அப்போதுதான் அந்த விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் வரப்போகிறது, உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதுங்கள் என்று அதைச் செய்கிறவர்கள் கேட்டிருந்தார்கள். "நாமளும் எழுதலாமா?" என்றார் அவர். எப்போது வருமோ, கடல் வற்றிக் கருவாடு தின்னக் காத்திருந்த கொக்கு கதைதான் என்றேன். ஆனாலும் இருவருக்கும் விடுமுறையாக வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டினார்.

முதலில் ஏரி. "மழ வரலன்னா ஜனம் சாகுதுன்னு காட்றானுங்க. ஏரி வெட்ட ஒரு வழி வச்சானுங்களா? எங்கூருக்கு வந்து பாக்கச் சொல்லு" என்று திரையைப் பார்த்துக் கோபப்பட்டார். அடுத்தது கேழ்வரகு. உலகம் முழுக்க ஒரே தானியம் என்று போட்டு வைத்திருக்கிறார்கள், களி தின்கிறவனுக்கு அதில் இடமே இல்லை. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை வெறும் ஒரு எண்ணாகக் காட்டுவதை மாற்ற வேண்டும், அதில் ஏறிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் என்று அவர் எழுதினார்.

நான் மொழியைச் சொன்னேன். ஒரு மாகாணத்துக்கு ஒரு மொழிதான் வைத்திருக்கிறார்கள். எல்லையில் இருக்கிற எங்கள் ஊரைப் பிடித்தால் உடனே எல்லாரும் ஒரே பாஷை பேசுவதாகக் காட்டும். "நம்ம வீட்டுக்காரம்மாவ எந்த நாட்டுல சேப்பாங்களாம்? கேட்டு எழுதுங்க." அவர் சிரித்துவிட்டார். பிழைக்க வருகிறவர்களைப் பற்றியும் சொன்னேன். சண்டை வந்தால்தான் ஜனம் நகரும் என்று வைத்திருக்கிறார்கள். வேலை தேடி விருதுநகரிலிருந்து ஓசூருக்கு வந்தவளுக்கு அந்த வரைபடத்தில் என்ன நிறம்? அப்புறம், ராஜா தூங்குவதே இல்லை. "அவனுக்கும் ஷிப்ட் போடச் சொல்லுங்க" என்றேன். "எழுதிட்டன்" என்றார்.

"வேற?"

"பச்சப்பிள்ள செத்தா ஓகேங்கிற பட்டன் வரக்கூடாது" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. ஏரி, கேழ்வரகு வரிசையில் அதுவும் வந்துவிட்டது. அவர் விரல் நின்றது.

"அப்ப என்ன வரணும்?"

"ஒண்ணும் வரக் கூடாது. கேம் நிக்கணும்."

"எவ்ளோ நேரம் நிக்கணும்?"

"அந்த ராஜ்யத்த ரெண்டு பேரு ஆடுனா, ரெண்டு பேரும் வந்து சேந்து அமுக்குற வரைக்கும். ஒருத்தர் மட்டும் பாத்துட்டு அமுக்குனா அது போகக் கூடாது."

அவர் இங்கிலீஷைத் தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. பிறகு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக் குல்லாயத் தூக்கிப் போடல, புள்ள. கம்பெனில என் லாக்கர்ல இருக்குது. ஷூ தட்டுக்கு மேல. பனியன் வேஸ்ட்ல சுத்தி வச்சிருக்கறன். போறப்ப பாப்பன், வர்றப்ப பாப்பன்."

பனியன் வேஸ்ட் என்பது அவர்கள் மெஷின் துடைக்கிற துணி. எனக்குக் கோபம் வந்தது. அத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று வந்தது, அது கோபமாக வந்தது.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? நான் அங்கிட்டு பஸ்ஸுல வர்ற பிள்ளைக தலையெல்லாம் பாத்துக்கிட்டுப் பைத்தியமா அலையுறேன். நீங்க மட்டும் தெனமும் தொறந்து தொறந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களாக்கும்?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்…"

"இருக்கட்டும்! கஷ்டமா இருக்கட்டும்! அது என் கஷ்டம், அத எதுக்கு நீங்க தொடச்சீங்க?"

நான் போட்ட சத்தத்தில் கீழிருந்து வீட்டுக்கார அம்மா "ஏமாயிந்தி?" என்று என்ன ஆச்சு என்பதைத் தெலுங்கில் கேட்டார். ஒன்றுமில்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தோம். அதற்கப்புறம் நான் அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் அந்தக் கடைசிக் கோரிக்கையை ஒரு மாதிரி தட்டி அனுப்பினார். ஊர் உலகமே எழுதுகிறது, நம்முடையதை யார் படிக்கப் போகிறார்கள்.

மறுநாள் அவருக்கு முதல் ஷிப்ட். நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது அவர் படியேறினார். டிபன் பையிலிருந்து அந்தத் துணிச் சுருளை எடுத்து என் கையில் கொடுத்தார். பிரித்தேன். குல்லாய் இருந்தது, காலுறை இருந்தது, எல்லாவற்றிலும் கம்பெனி ஆயில் வாடை. தெரு முக்கில் என் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. நான் நகரவில்லை. அவரும் ஒப்படைக்கும்போது நிற்கிற மாதிரியே நின்றார்.

"தலயில நெறய முடி" என்றார். "கை வெரல் நீட்டு நீட்டா இருந்துச்சி. நெத்தி, கண்ணு எல்லாம் அப்படியே நீதான்."

பஸ் போய்விட்டது.

"மூக்கு?" என்று கேட்டேன்.

"மூக்கு என்னுது" என்றார்.