லொறி இழுத்த சீலை

அச்சுவேலி கராஜில் எங்கள் லொறி நின்றது. எஞ்சினுக்குள் போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டரை மெக்கானிக் கழற்றிக்கொண்டிருந்தார். “குளிர் நாட்டுக்காரருக்குத்தான் இது வேணும், தங்கச்சி. எங்கடை வெக்கைக்கு என்னத்துக்கு?” என்றபடி, கரி படிந்த அந்தத் தகட்டை வெளியே இழுத்தார். டீசல் கரி மணம் குப்பென்று மூக்கில் ஏறியது.

அது அப்பாவின் மார்கழி விடியல் மணம். அப்போது எங்களிடம் இருந்த பழைய லொறி பனிக்கு லேசில் ஸ்டார்ட் ஆகாது. வெங்காயம் ஏற்றியாயிற்று, சந்தைக்கு நேரம் போகிறது. அப்பா தடியில் பழந்துணி சுற்றி, மண்ணெண்ணெயில் தோய்த்துக் கொளுத்தி, எஞ்சின் காற்றிழுக்கும் குழாய்வாயில் பிடிப்பார். சித்தப்பா சாவியைத் திருப்புவார். லொறி நெருப்பை உள்ளே இழுத்து, இருமி, பிறகு உறுமும். நாங்கள் கைதட்டுவோம்.

ஒருநாள் அப்பா அவசரத்தில் கொடியில் கிடந்த ஏதோ துணியைக் கிழித்துச் சுற்றிவிட்டார். லொறி ஒரே இழுவையில் உறுமியது. “பாத்தியளே!” என்று தடியை உயர்த்திக் காட்டினார். நுனியில் எரிந்தது, திருவெம்பாவைக்குக் கட்டவென்று அம்மா தோய்த்துப் போட்ட நூல் சீலை.

அம்மா வாசலில் நின்றா. “இஞ்சருங்கோ, நீங்கள் சந்தைக்குப் போங்கோ. நான் உந்த லொறி மூடுற படங்கைச் சுத்திக்கொண்டு கோயிலுக்குப் போறன்.”

கழற்றிய ஹீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, அது செய்கிற வேலையை அம்மாவுக்குச் சொன்னேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

“உடனை கொண்டுபோய்த் திரும்பப் பூட்டச் சொல்லு, பிள்ளை. மார்கழி வருது. என்ரை சீலை கொடியிலை கிடக்கு.”