ஆடிட்டுக்குக் காட்டின ஹாஸ்டல்

1. திரும்பி வந்த ஷீட்டுகள்

மண்ணூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் பதினோரு வருஷமாக வார்டனாக இருக்கிறேன். மூணு ஷிப்டிலும் கம்பெனி பஸ் ஏறுகிற பெண் பிள்ளைகள் தங்குகிற இடம். நான் படித்தது எட்டாவது. இந்த வேலைக்குப் புதுசாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் மருமகள் நித்யா எம்.ஆர்க் படிக்கிறாள். கட்டடம் டிசைன் பண்ணுகிற மேல்படிப்பு. கடைசி வருஷ தீசிஸுக்கு, தொழிற்சாலைப் பெண்களுக்கு ஒரு ஹாஸ்டல் வரைய எடுத்துக்கொண்டாள். அதற்கு முன்னால், இருக்கிற ஹாஸ்டல் ஒன்றை அளந்து காட்டணுமாம். எங்களுடையதையே அளந்தாள்.

ரிவ்யூ முடிந்து வந்தவள் ஷீட்டுகளைச் சுருட்டினபடியே மூலையில் சாய்த்தாள். சாப்பிடவில்லை. "இந்த பில்டிங்ல யாரும்மா இருக்காங்க? கட்டில் கடை மாதிரி கீது" என்று காலேஜில் அவளுடைய கைடு கேட்டுவிட்டாராம். பத்து நாளில் திருத்தாவிட்டால் இன்னொரு செமஸ்டர்.

"கண்ணால பார்த்ததத்தான் அத்தை வரைஞ்சேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது.

2. கை பழகின வேலை

கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிற நாளில், பகல் தூக்கத்துக்காக ஜன்னலில் கட்டின போர்வைகளை அவிழ்ப்போம். துணிக்கொடிகளைச் சுருட்டுவோம். பக்கெட்டுகளை மொட்டைமாடிக்கு ஏத்துவோம். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி டைனிங் ஹாலில் உட்கார வைப்போம். ஷிப்டுவாரியாக ரூம் பிரித்திருக்கிறோம் என்று ஒரே பதிலைச் சொல்லுவோம். உண்மையில் ஷிப்ட் வாராவாரம் மாறும், ரூம் மாறாது. ஒரே ரூமில் மூணு ஷிப்டும் கலந்துதான் இருப்பார்கள்.

மருமகள் டேப்போடு வருகிறாள் என்றதும் அதையெல்லாம் அவளுக்கும் செய்தேன். பதிலையும் சொன்னேன். அவள் கண்ணுக்கு என் ஹாஸ்டல் லட்சணமாக இருக்கணும் என்ற ஆசை. அவளும் நம்பி, தன் டிசைனில் எல்லா ரூமுக்கும் வெளிச்சம் கொட்டுகிற பெரிய ஜன்னலாகப் போட்டுவிட்டாள்.

3. சொன்னது

மறுநாள் திருவாதிரை, பெருமாள் கோயில் உடையவரின் நட்சத்திரம். உடையவர் சந்நிதியில் அவள் படிப்புக்காக வேண்டிக்கொள்ளப் போனேன். கை கூப்பினேன், வேண்ட வாய் வரவில்லை. கெடுத்தவளே நான், அவரிடம் என்ன கேட்பது? வூட்டுக்கு வந்ததும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன்.

சுருட்டி வைத்த ஷீட்டைப் பிரித்துப் பார்த்தாள். அப்புறம், "என்னையும் ஆடிட்டர்னு நெனச்சிட்டீங்களா அத்தை?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

4. பதினோரு மணி

உள்ளதை உள்ளபடி காட்டலாமா என்று ஓனரிடம் கேட்டேன். ஹாஸ்டல் பேர் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகளிடமும் கேட்டுக்கொண்டு, காலை பதினோரு மணிக்கு நித்யாவை ஒரு ரூமுக்குள் அனுப்பினேன். ஆறு கட்டிலில் நாலு பேர் தூக்கம். தூத்துக்குடிப் பக்கத்து மாரிச்செல்வி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"என்ன வார்டனம்மா, இன்னைக்கு எங்கள எழுப்பாம விட்டுட்டிய? மழைதான் வரப்போவுது. ஏ யக்கா, என்ன வேணா வரைங்க, ஜன்னல் போர்வைய மட்டும் தொட்டுராதிய."

நித்யா தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் வரைந்தாள். அப்படி மூணு நாள், மூணு ஷிப்ட் மாறுகிற நேரமும் பார்த்தாள். ஒருத்தி கிளம்ப லைட் போட்டால் இன்னொருத்தி முகத்தை மூடிக்கொள்வதைக் குறித்துக்கொண்டாள். பழைய டிசைனை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாக ஆரம்பித்தாள். தூங்குகிற கட்டில்கள் தடுப்புக்கு உள்ளே, இருட்டில். உடுத்தி, தலை சீவிக் கிளம்புகிற இடம் வெளியே, வெளிச்சத்தில். இந்த யோசனை முழுக்க அவளுடையது. நான் தந்தது சுக்குக் காப்பி மட்டும்.

கைடு அந்த ஷீட்டை ரொம்ப நேரம் பார்த்தாராம். "இப்ப ஆளுங்க இருக்காங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். உடையவர் புண்ணியத்தில் பாஸ் ஆகிவிட்டாள்.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நம் ஹாஸ்டலை அளக்க வருகிறவர்கள் நம்மைக் குறை சொல்லத்தான் வருகிறார்கள் என்று பயந்து மறைக்காதீர்கள். குறை தெரிந்தால்தான் அடுத்த கட்டடத்தையாவது சரியாகக் கட்டுவார்கள். இப்போது யார் வந்தாலும் நான் பிள்ளைகளை எழுப்புவதில்லை. செருப்பை வெளியே விட்டு மெதுவாக வரச் சொல்கிறேன்.